உறங்கிய கல்லும் விழித்த உயிரும்

வானிலிருந்து வந்த பழம்பொருள் ஒன்று மண்ணில் கிடக்கிறது. அது உயிரற்றது என்றே எல்லாரும் எண்ணியிருக்கின்றனர். ஒருநாள் ஆராய்ச்சியாளர் ஒருவர் அதனைத் தம் மேசைமீது வைத்து நுணுக்குக்காட்டியின் வழியே நோக்குகிறார். உள்ளே ஏதோ அசைகிறது! இவ்வளவு போதும், கதை பிறந்துவிட்டது. உலகின் எந்த மொழியிலும் சிறுவர் முதல் முதியோர் வரை மூச்சடக்கிக் கேட்கும் கதை இது.

இந்தக் கதையின் புகழ்பெற்ற வடிவங்களுள் ஒன்றைத் தந்தவர் நம் தீவிலேயே வாழ்ந்தவர். 1956இல் இலங்கைக்கு வந்து, இதனையே இல்லமாக்கிக்கொண்டு, 2008இல் கொழும்பில் மறைந்த ஆர்தர் சி. கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளரே அவர். 1973இல் வெளிவந்த அவருடைய 'இராமாவுடன் சந்திப்பு' என்னும் நாவலில், விண்மீன்களின் இடைவெளியிலிருந்து மாபெரும் உருளை ஒன்று ஞாயிற்றுக் குடும்பத்துள் நுழைகிறது. யாரோ, எப்போதோ செய்துவிட்ட கலம் அது. உள்ளே இருளும் குளிரும் அன்றி வேறொன்றில்லை. ஞாயிற்றை நெருங்க நெருங்க அதன் உறைந்த கடல் உருகுகிறது, விளக்குகள் எரிகின்றன, செத்ததென்று கருதிய பொருள் விழித்துக்கொள்கிறது.

இது கற்பனை. ஆனால், வானத்துப் பழம்பொருளில் உயிர் உறைகிறது, அன்றேல் உறைந்திருந்த உயிர் விழித்தது என்று மெய்யான ஆராய்ச்சியாளர்களே அறிவித்த வேளைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று நம் கிழக்குக் கரைக்கு வடமேற்கே, பொலன்னறுவை மாவட்டத்தில் நிகழ்ந்தது. கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களும் கற்கும் மாணவர்களும் அந்த வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. அறிவு எவ்வாறு நடக்கிறது, எங்கே இடறுகிறது, இடறியபின் எவ்வாறு எழுகிறது என்பதற்கு அதனினும் நல்ல பாடம் நமக்கு அண்மையில் கிடைப்பது அரிது.

அரலகங்விலவில் விழுந்த கற்கள்

2012ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 29ஆம் நாள் மாலை. பொலன்னறுவைப் பகுதி மக்கள் வானில் ஒரு தீப்பந்து விரைந்து செல்லக் கண்டனர். அரலகங்வில என்னும் ஊரின் அருகே கற்கள் விழுந்தன என்ற செய்தி பரவியது. ஊரார் பொறுக்கிய கற்களைப் பொலிசார் திரட்டினர். அவை கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தன. அறுநூறுக்கு மேற்பட்ட துண்டுகளுள் மூன்றே மூன்றுதான் விண்கல்லாக இருக்கக்கூடும் என ஆய்வாளர் ஒதுக்கி எடுத்தனர். அவற்றின் பகுதிகள் கடல்கடந்து பிரித்தானியாவின் கார்டிஃப் நகரைச் சென்றடைந்தன.

கார்டிஃபில் அவற்றை ஆராய்ந்த குழுவின் தலைவர் சந்திர விக்கிரமசிங்க. 1939இல் கொழும்பில் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதம் பயின்று, கேம்பிரிட்ஜுக்குச் சென்று, பிரெட் ஹொயில் என்னும் பெரும் வானியலாளரிடம் மாணவராக அமர்ந்தவர். விண்வெளித் தூசியில் காபன் சேர்ந்த சிக்கலான சேர்வைகள் நிறைந்துள்ளன என்று 1970களிலேயே துணிந்து சொன்னவர்களுள் அவர் ஒருவர். அந்நாளில் பலர் அதனை ஐயுற்றனர். பின்னர் வந்த தொலைகாட்டிகளும் விண்கல ஆய்வுகளும் விண்வெளியில் காபன் சேர்வைகள் மலிந்து கிடப்பதை ஐயமின்றிக் காட்டின. ஆனால் ஆசிரியரும் மாணவரும் அந்த எல்லையில் நிற்கவில்லை. தூசியில் இருப்பது வெறுஞ் சேர்வை அன்று, உயிரே என்றனர். வால்வெள்ளிகளே உயிரின் விதைகளை உலகங்கள் தோறும் தூவுகின்றன என்றனர். நோய்களும் வானிலிருந்து இறங்குகின்றன என்று 1979இல் ஒரு நூலே எழுதினர். அவ்விடத்தில் அறிவுலகம் அவர்களோடு நடக்க மறுத்தது.

2013 தை மாதத்தில் பொலன்னறுவைக் கல் பற்றிய அறிக்கை வெளிவந்தது. கல்லினுள் தயற்றங்களின் எச்சங்கள் உள்ளன என்றது அது. தயற்றம் என்பது கண்ணாடி போன்ற சிலிக்காக் கூட்டினுள் வாழும் நுண்ணிய நீர்வாழ் அல்கா. அடுத்து வந்த அறிக்கை இன்னும் ஒருபடி மேலே சென்றது. வளிமண்டலத்துள் நுழைந்த வேளையில் அக்கல்லின் துளைகளில் நீரும், ஒருவேளை உயிருள்ள கலங்களும் இருந்திருக்கக்கூடும் என்றும், அந்நாட்களில் அப்பகுதியில் பெய்த செம்மழையோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்றும் குறிப்பிட்டது. உறங்கிய பழம்பொருள் நம் வயல்வெளியில் விழித்துவிட்டது என்றே செய்தித்தாள்கள் உலகெங்கும் பறைசாற்றின.

மறுப்பும் விரைந்து எழுந்தது. அதன் நியாயங்கள் எளியவை. பள்ளி மாணவனும் பின்தொடரத்தக்கவை. முதலாவது, அந்தத் தயற்றங்கள் அயலுலகின் புதுமை எதையும் காட்டவில்லை. நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் வாழும் நன்னீர் இனங்களை அவை அப்படியே ஒத்திருந்தன. பூமியில் தயற்றங்கள் தோன்றி ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளுக்கு மேல் இரா. பூமியின் நீரும் ஒளியும் வார்த்த அதே வடிவம், அதே வரி, அதே துளை வேறொரு விண்பொருளிலும் வார்க்கப்பட்டன என்று நம்புவது எளிதோ? இரண்டாவது, அக்கல் விண்கல்தானா என்பதே ஐயம். அது நீரினும் இலேசானது, துளை மலிந்தது என்று ஆய்வாளரே எழுதினர். பூமியின் சாதாரணக் கல்லோ, மின்னல் தாக்கி உருகிய மண்ணோ அவ்வாறு தோன்றக்கூடும் என்று பிறர் சுட்டினர். மூன்றாவது, வானில் சென்ற தீப்பந்தும் தரையில் எடுத்த கல்லும் ஒன்றே என்பதற்குச் சங்கிலி போன்ற தொடர்ச்சான்று இல்லை. ஈரமண்ணில் கிடந்த துளையுள்ள கல்லினுள் நீர் புகும். நீரோடு அதில் வாழ்வனவும் புகும். விண்கல் ஆராய்ச்சியாளருட் பெரும்பாலோர் இவ்வறிக்கையை ஏற்கவில்லை.

விக்கிரமசிங்கவின் பக்கத்தையும் கூறிவிடுதல் நியாயம். பூமியின் உயிரே வானிலிருந்து வந்ததாயின், வானத்து உயிர் பூமியின் உயிரைப் போலிருப்பதில் வியப்பில்லை என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு அழகிய வாதந்தான். ஆயினும் அதில் ஒரு பெருங்குறை உண்டு. கல்லில் உள்ளது புதிய உயிரானாலும் அதற்கு வெற்றி. பழகிய உயிரானாலும் அதற்கு வெற்றி. எந்தச் சான்றாலும் தோற்க இயலாத கருத்து எந்தச் சான்றாலும் வெல்லவும் இயலாது.

கேரளத்துச் செம்மழை

பொலன்னறுவைக்குப் பதினோராண்டு முன்னர், பாக்குநீரிணைக்கு அப்பால் இதே நாடகத்தின் மற்றொரு காட்சி நடந்தது. 2001 ஆடி மாதம் 25ஆம் நாள் முதல் இரு மாதங்கள் வரை, கேரளத்தின் பல இடங்களில் இடையிடையே குருதிநிற மழை பெய்தது. வெளியிற் காயவைத்த வெள்ளைத் துணிகள் செந்நிறம் பெற்றன. கோட்டயத்தில் உள்ள மகாத்மா காந்திப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பௌதிக அறிஞர் கொட்பிரி லூயிசும் அவர்தம் மாணவரும் மழைநீரின் செந்துகள்களை ஆராய்ந்தனர். அவை வானில் வெடித்த வால்வெள்ளித் துண்டொன்றிலிருந்து சிந்திய கலங்களாகலாம் என்று 2006இல் எழுதினர். பூமியின் உயிர்கள் பெரும்பாலும் தாங்கா வெப்பத்திலும் அவை பெருகின என்றும் கூறினர். இங்கும், வந்த பொருள் விழித்தது!

ஆனால் திருவனந்தபுரத்துப் புவியியல் ஆய்வு மையமும் வெப்பவலயத் தாவரவியல் பூங்காவும் 2001இலேயே வேறொரு விடையைக் கண்டிருந்தன. செந்துகள்கள் திரென்டிபோலியா என்னும் அல்காவின் வித்திகள். கேரளத்து மரப்பட்டைகளிலும் பாறைகளிலும் செம்மஞ்சளாகப் படர்ந்து கிடப்பது அது. வித்திகளை வளர்ப்பூடகத்தில் இட்டபோது முளைத்தது அந்த அல்காவேயன்றி அயலுலக உயிர் அன்று. 2012 கார்த்திகையில் இலங்கையிற் செம்மழை பெய்தபோதும் நம் ஆய்வாளர் அதில் நுண்ணிய அல்காவையே கண்டனர். ஒரே பொருளை இருவர் விழிக்கச் செய்தனர். ஒருவர் 'யார் நீ, எந்த உலகத்தவன்?' என்று கேட்டார். மற்றவர் 'நம் ஊரில் உன்னைப்போல் யாரேனும் உண்டோ?' என்று முதலில் தேடினார். தேடியவர்க்கே விடை கிட்டியது.

லிப்மனும் ரோயும்

இன்னும் பின்னோக்கிச் சென்றால் கதையின் மூலவடிவத்தையே காணலாம். 1932இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் லிப்மன் என்னும் மண் பற்றீரியா அறிஞர், விண்கற்களின் புறத்தைக் கிருமிநீக்கி, உட்பகுதியைத் தூளாக்கிச் சத்துநீரில் இட்டார். சில நாட்களில் நீர் கலங்கியது, பற்றீரியாக்கள் பெருகின. கோடானுகோடி ஆண்டு கல்லறையில் உறங்கிய உயிரைத் தாம் எழுப்பிவிட்டதாக அவர் கருதினார். அறிஞர் செய்த ஆய்வு. ஐயுறுவதற்கு யார் துணிவர்?

துணிந்தவர் இந்தியாவிற் பிறந்து சிக்காகோ நகரின் பீல்ட் அரும்பொருளகத்தில் பணிபுரிந்த சரத் குமார் ரோய். அவர் லிப்மனை நகைக்கவில்லை; அவர் செய்ததையே இன்னும் கடுமையான காப்புடன் திரும்பச் செய்தார். 1935இல் முடிவை வெளியிட்டார். சிற்சில வேளைகளில் முளைத்தவை யாவும் பூமியின் காற்றிலும் கையிலும் எங்கும் உள்ள சாதாரணப் பற்றீரியாக்களே. அவை ஆய்வின்போதோ அதற்கு முன்னரோ கல்லினுட் புகுந்தவை என்று காட்டினார். விண்கல் விழித்ததன்று; விண்கல்லில் ஏறிக்கொண்ட நம் உயிரே விழித்தது. தென்னாசியாவிற் பிறந்த இருவர் இவ்வாறு ஒரே வினாவின் இரு கரைகளில் நிற்பதைக் காண்கிறோம். சான்றைக் கடந்து துணிந்தவர் ஒருவர்; சான்றைக் கேட்டு நின்றவர் ஒருவர்.

கல்லில் ஒட்டிய விதை

தவறுதலாய் ஏறிய உயிரை விட வியப்பானது, வேண்டுமென்றே ஏற்றிய உயிர். 1864 வைகாசி 14இல் பிரான்சின் தென்பகுதியில் ஒர்கெய் என்னும் ஊரில் காபன் மிக்க விண்கற்கள் விழுந்தன. அவற்றுள் ஒரு துண்டு கண்ணாடிச் சாடியிலிட்டு அரும்பொருளகத்தில் வைக்கப்பட்டது. நூறாண்டு கழித்து, 1960களின் தொடக்கத்தில், அதே விழுக்காட்டின் வேறு துண்டுகளில் நுண்ணுயிர் போன்ற வடிவங்களைக் கண்டதாக அமெரிக்க ஆய்வாளர் இருவர் அறிவித்தனர். ஆர்வம் கிளர்ந்தது, பழைய சாடி திறக்கப்பட்டது. உள்ளே, கல்லோடு இணைந்து ஒரு விதை!

சிக்காகோ அறிஞர் எட்வேட் அண்டர்சும் துணைவரும் பொறுமையாக நோக்கினர். அந்த விதை பிரான்சில் வளரும் ஒருவகைக் கோரைப்புல்லின் விதை. அருகே நிலக்கரித் துணுக்குகள் கிடந்தன. பிளவை மூடிய 'எரிந்த ஓடு' மெய்யான ஓடன்று, பசை! யாரோ ஒருவர், கல் விழுந்த சில நாட்களுக்குள்ளேயே, அதனை நனைத்து விதையைப் புதைத்து ஒட்டியிருக்கின்றார். அந்த ஆண்டின் வசந்தத்திலேதான் பாரிசில் லூயி பாஸ்டர், உயிர் தானாகத் தோன்றுவதில்லை என்று பெருமக்கள் முன் சொற்பொழிவாற்றினார். அந்த வாதத்தைக் கேலி செய்யவோ, யாரேனும் அறிஞரை இடறச் செய்யவோ ஒட்டிய விதை போலும். குறும்பர் எதிர்பார்த்தவாறு எவரும் அதனை அந்நாளிற் காணவில்லை. நூறாண்டு மௌனமாய்க் காத்திருந்து அது தன் கள்ளத்தைத் தானே வெளியிட்டது.

நம் பழம்பொருள்கள் திரும்புகின்றன

'அயலுலகப் பழம்பொருள்' என்று நாம் அஞ்சுவன சில, நாமே எறிந்தவையாயும் முடிகின்றன. 1967 சித்திரையில் சந்திரனில் இறங்கிய சேர்வேயர் 3 என்னும் ஆளில்லாக் கலத்தின் படக்கருவியை, 1969 கார்த்திகையில் அப்பலோ 12இன் வீரர்கள் கழற்றிக்கொண்டு வந்தனர். அதன் உள்ளே, மனிதன் வாயில் வாழும் ஒருவகைப் பற்றீரியா உயிரோடு கிடைத்தது. காற்றில்லாச் சந்திரனில் இரண்டரை ஆண்டு உறங்கி விழித்த உயிர் என்று நூல்கள் போற்றின. பின்னாளில், அக்கருவியைப் பிரித்தபோது எடுத்த படங்களை மீள நோக்கியவர்கள், ஆய்வாளரின் காப்புடை போதியதன்று எனக் கண்டனர். பற்றீரியா சந்திரனிலிருந்து வந்ததன்று. பிரித்தவரின் மூச்சிலிருந்து வந்திருத்தல் கூடும்.

2015 கார்த்திகை 13ஆம் நாள் நண்பகலுக்குச் சற்று முன், நம் தீவின் தென்கரைக்கு அப்பால் கடலின்மேல் விண்பொருள் ஒன்று எரிந்து வீழ்ந்தது. முந்திய மாதத்திலே தொலைகாட்டிகள் கண்டு, வீழும் நாளையும் வேளையையும் இடத்தையும் கணித்திருந்தன. அது கல்லன்று, 1998இற் சந்திரனை நோக்கிச் சென்ற கலமொன்றை உந்திவிட்டு அலைந்துகொண்டிருந்த எந்திரப் பகுதியாகலாம் என்பது ஆய்வாளர் துணிபு. வானத்தின் மர்மம் என்று நிமிர்ந்து நோக்கினால், அங்கே தெரிவது நம் கைவேலை!

அண்மைக்காலச் சான்று இவற்றுள் கூர்மையானது. யப்பானின் ஹயபுசா 2 கலம் ரியூகு என்னும் சிறுகோளிலிருந்து 5.4 கிராம் மண்ணை 2020 மார்கழியில் பூமிக்குக் கொணர்ந்தது. காற்றுப் புகாப் பேழை, நைதரசன் நிரம்பிய அறை என்று கண்ணை இமை காப்பதுபோற் காத்தனர். அதில் ஒரு துகள் இலண்டனில் ஆராயப்பட்டது. சில நாட்களில் அதன்மேல் நுண்ணுயிர்கள் இழையிழையாய்ப் பெருகின. கிளார்க்கின் நாவல் உயிர்பெற்றதோ? இல்லை. அவை பெருகிய வேகமும் பின் குறைந்த வகையும் பூமியின் நுண்ணுயிர்களையே காட்டின. துகள் காற்றைத் தொட்ட பின்னரே அவை குடியேறின என்று 2024இல் ஆய்வாளர் வெளிப்படையாக எழுதினர். எத்தனை பெருமை தரும் செய்தியை அவர்கள் கையிலெடுத்துக் கீழே வைத்தனர்! அந்தக் கீழே வைத்தலில்தான் விஞ்ஞானத்தின் மாண்பு உள்ளது.

மெய்யாகவே விழிப்பவை

இவ்வளவும் கேட்டபின், உறங்கிய உயிர் விழித்தல் என்பதே பொய் என்று எண்ணிவிடலாகாது. அது மெய், ஆனால் அதன் களம் நம் பூமி.

சாக்கடலின் கரையில் மசாடா என்னும் கோட்டையின் அகழ்வில் 1960களில் கிடைத்த பேரீச்சங் கொட்டை ஒன்றை 2005இல் ஊன்றினர். ஏறத்தாழ 2000 ஆண்டு உறங்கிய அது முளைத்து மரமாயிற்று. சீனத்தின் வறண்ட ஏரி ஒன்றின் அடிமண்ணிலிருந்து எடுத்த தாமரை விதை 1300 ஆண்டின் பின் முளைத்தது. சைபீரியாவில் ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் மண்ணிலிருந்து எடுத்த, கண்ணுக்குத் தெரியாச் சிற்றுயிரொன்று 24,000 ஆண்டுத் துயிலின் பின் நீந்தியது என்று 2021இலும், நுண்புழுக்கள் 46,000 ஆண்டின் பின் நெளிந்தன என்று 2023இலும் அறிவித்தனர். பசிபிக் சமுத்திரத்தின் அடியிற் பத்துக்கோடி ஆண்டுப் பழமையான படிவுகளில் இருந்த பற்றீரியாக்களுக்கு யப்பானிய ஆய்வாளர் உணவளித்தபோது அவை உண்டு பெருகின. அது 2020இல் வெளிவந்த செய்தி.

சைபீரியாவுக்குப் போவானேன்? நம் சம்மாந்துறை வெளியின் சிறு குளமொன்றைக் கோடையிற் சென்று காண்க. அடிமண் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். மாரி பிறந்து முதல்வெள்ளம் வந்த சின்னாட்களில் அங்கே தவளை கத்துகிறது, ஆம்பல் இலைவிடுகிறது, ஒரு துளி நீரை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் நூறு உயிர்கள் ஓடுகின்றன. அவை எங்கிருந்து வந்தன? கிழங்காயும் முட்டையாயும் வித்தியாயும் அந்த மண்ணிலேயே உறங்கிக் கிடந்தன. உழவர் ஆண்டுதோறும் காணும் இக்காட்சியே, ஆய்வாளர் வானத்துக் கல்லில் தேடும் காட்சி.

இனி வானத்தின் பங்கு யாது? அதுவும் சிறிதன்று. பென்னு என்னும் சிறுகோளிலிருந்து அமெரிக்கக் கலம் 2023 புரட்டாசியிற் கொணர்ந்த 121.6 கிராம் மண்ணில், பூமியின் உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 14 இருந்தன. பரம்பரைச் செய்தியை எழுதும் ஐந்து மூலங்களும் இருந்தன என்று 2025 தையில் அறிவித்தனர். உயிர் இல்லை, உயிர் கட்டும் செங்கல் உண்டு. 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லும் அதற்கு முன்னரே இதனையே சொன்னது. வீடு கட்டிய நிலையில் வானிலிருந்து இறங்கவில்லை. கல்லும் மண்ணும் இறங்கின என்று கொள்வதே சான்றுக்கு ஒத்தது. விக்கிரமசிங்க தொடக்கத்திற் கண்ட உண்மைக்குக் கிடைத்த மதிப்பும் இதுவே. அவர் பின்னர் கடந்து சென்ற எல்லைக்குக் கிடைத்த மறுப்பும் இதுவே.

ஆசிரியர் மேசையில் ஒரு கல்

இவ்வளவையும் ஏன் நினைவூட்ட வேண்டும்? நாளையே நிந்தவூரிலோ மருதமுனையிலோ ஒரு மாணவன் கருங்கல் ஒன்றைக் கையிலேந்தி வகுப்புக்கு வரலாம். 'இது வானத்திலிருந்து விழுந்தது, சேர்' என்று கண்கள் மின்னச் சொல்லலாம். அந்த நொடியில் ஆசிரியர் சொல்லும் ஒரு சொல்லில் அவன் அறிவின் திசை தங்கியிருக்கிறது. 'போடா, எறி அதை' என்றால் ஓர் ஆய்வாளன் அங்கேயே சாகிறான். 'ஆம், அற்புதம்!' என்றால் ஒரு வதந்தி பிறக்கிறது.

கற்றோரின் அலட்சியமும் எளியோரின் நம்பிக்கையைப் போலவே பிழைத்ததுண்டு. கற்கள் வானிலிருந்து விழுகின்றன என்று நாட்டுப்புறத்தார் சொன்னதைப் பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் பலர் நகைத்துத் தள்ளினர். 1794இல் கிளாட்னி என்னும் செருமானியர் அக்கூற்று மெய்யே என்று நூல் எழுதினார். அடுத்த ஆண்டிலேயே, 1795இல், நம் முல்லைத்தீவில் ஒரு விண்கல் விழுந்தது. அதன் சிறு துண்டு இன்றும் அவ்வூரின் பெயராலேயே உலகப் பதிவேட்டில் நிற்கிறது. 1803இற் பிரான்சின் லேய்கில் ஊரில் ஆயிரக்கணக்கிற் கற்கள் விழுந்தபோது, பியோ என்னும் இளம் அறிஞர் நேரே சென்றார். உழவரையும் தொழிலாளரையும் தனித்தனியே வினவினார். கற்கள் கிடந்த இடங்களை அளந்து படம் வரைந்தார். அதன்பின் மறுப்போர் வாயடைத்தனர். நம்பியவரும் வெல்லவில்லை, நகைத்தவரும் வெல்லவில்லை. போய்க் கேட்டவரே வென்றார்.

ஆகவே ஆசிரியர் கல்லை வாங்கி மேசைமீது வைக்கட்டும். எங்கே, எப்போது, எவர் கண்டார் என்று எழுதச் சொல்லட்டும். அதே அளவு சாதாரணக் கல்லினும் கனக்கிறதா? புறத்தே மெல்லிய கரிய எரியோடு உண்டா? காந்தம் பற்றுகிறதா? உடைந்த முகத்தில் உலோகப் பொட்டுகளோ சிறுமணிகளோ தெரிகின்றனவா? துளை மலிந்திருந்தால் ஐயுறுக. விண்கற்கள் பெரும்பாலும் அவ்வாறிரா. நீரில் கழுவாது, வெறுங்கையாற் பலர் தொடாது, சுத்தமான பொதியிலிட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளரிடம் சேர்க்க. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே உள்ளது; பேராதனையிற் புவிச்சரிதவியல் துறை உண்டு. நூற்றில் தொண்ணூற்றொன்பது தரம் அது சாதாரணக் கல்லாகவே முடியும். முடியட்டும்! அந்த மாணவன் கல்லை இழப்பான். ஆனால் கேள்வி கேட்கும் முறையைப் பெறுவான். எந்தச் செய்தியையும் கண்டவுடன் ஆயிரம் பேருக்கு அனுப்பிவிடும் இக்காலத்தில், அந்த முறையினும் பெரிய செல்வம் வேறு யாது?

வானம் இன்னும் நமக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 2017இல் முதன்முறையாக, வேறு விண்மீன்களின் இடைவெளியிலிருந்து வந்த பொருள் ஒன்றைத் தொலைகாட்டிகள் கண்டன, 2019இல் மற்றொன்று, 2025 ஆடியில் மூன்றாவது. அந்த மூன்றாவது ஒரு வால்வெள்ளி. எண்ணற்ற ஆண்டுகள் இருளில் உறைந்து வந்த அது, ஞாயிற்றின் வெம்மை பட்டவுடன் ஆவியும் தூசியும் சிந்தியது. கிளார்க் கற்பனையிற் கண்ட விழிப்பை இயற்கை அவ்வளவிலே காட்டியது. அதனை அயலாரின் கலம் என்று சொன்னவர்களும் இருந்தனர். பனியும் தூசியும் என்று அளந்து காட்டியவர்களும் இருந்தனர்.

உண்மையான அயலுயிர் ஒருநாள் கிடைக்கமாட்டாது என்று எவராலும் சொல்ல இயலாது. கிடைக்குமாயின், அந்நாளில் அதனை அடையாளம் காணப்போகிறவர்கள், இதுவரை நூறு பொய்விழிப்புகளைப் பொறுமையோடு விலக்கிப் பழகியவர்களே. லிப்மனின் சத்துநீரைத் திரும்பக் காய்ச்சிய ரோயின் கைகள் போன்ற கைகள் அதற்கு வேண்டும். அத்தகைய கைகள் கல்முனைப் பள்ளி ஒன்றின் ஆய்வுகூடத்திலும், குளத்துநீர் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் இடும்போதே, பயிலத் தொடங்கலாம்.